தீ வைத்தவள், தீ வைத்தவர், மர்ம நபர்கள்

அடுப்பை மூட்டுகிறோம். விளக்கை ஏற்றுகிறோம். ஊதுவத்தியைக் கொளுத்துகிறோம். பீடியைப் பற்றவைக்கிறார்கள், சிதைக்கு எரியூட்டுகிறார்கள், பிணத்துக்குக் கொள்ளி வைக்கிறார்கள், குடிசைக்குத் தீ வைக்கிறார்கள். தீயைத் தொடங்குவதற்குத் தமிழில் இத்தனை வினைகள் இருக்கின்றன. ஆனால் வேண்டுமென்றே தீ வைக்கும் ஆளுக்கு ஒரு பெயர்ச்சொல் நம் வாயில் இல்லை. திருடுகிறவர் திருடர், கொல்கிறவர் கொலைகாரர், பொய் சொல்கிறவர் பொய்யர். தீ வைக்கிறவர் யார்? 'தீவைப்பாளர்' என்று கலைச்சொல் பாணியில் ஒன்றைச் செய்துகொள்ளலாம். டீக்கடையில் அதை யாரும் சொல்ல மாட்டார்கள். நாளிதழ்கள் 'மர்ம நபர்கள்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடும். வீடு 'தீக்கிரையானது' என்றும் எழுதும். அந்தத் தொடரில் தின்றது தீ, தின்னப்பட்டது வீடு. மூன்றாவதாக ஒரு கை இருந்ததற்கு இலக்கணத்திலேயே இடமில்லை.

ஆலங்காயத்தில் குடியிருந்துகொண்டு தமிழ் கற்பிக்கும் எனக்கு இது மொழிபெயர்ப்புத் தாள் திருத்தும்போது உறைத்தது. ஆங்கிலப் பத்தி ஒன்றில் ஆர்சனிஸ்ட், இன்செண்டியரி, பைரோமேனியாக் என்று மூன்று சொற்கள் வந்திருந்தன. மாணவிகள் எல்லோரும் மூன்றுக்கும் 'தீ வைத்தவர்' என்றே எழுதியிருந்தார்கள். மதிப்பெண் குறைக்க மனம் வரவில்லை. ஆனால் அந்த மூன்று சொற்களும் ஒன்றல்ல. அவை ஏன் ஒன்றல்ல என்று தேடப் போய், பெண்களின் வரலாற்றில் வந்து நின்றேன்.

ஆர்சன் என்பது சட்டத்தின் சொல். எரிதல் என்று பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலச் சட்டத்துக்குள் வந்தது. ஆர்சனிஸ்ட்டுக்கு ஒரு நோக்கம் இருக்கும்: காப்பீட்டுப் பணம், பழி, தடயத்தை அழிப்பது. இன்செண்டியரி என்ற சொல்லும் இலத்தீன் வழிவந்ததுதான், ஆனால் அதில் அரசியல் வாடை அடிக்கும். கலகக்காரருக்கும், கூட்டத்தைக் கிளப்பிவிடும் பேச்சுக்கும், ஆகாயத்திலிருந்து போடும் எரிகுண்டுக்கும் அதே சொல். பைரோமேனியாக் மருத்துவமனையின் சொல். லாபமோ கோபமோ கொள்கையோ இல்லாமல், தீயைப் பார்க்கும் உந்துதலுக்காகவே மறுபடி மறுபடி தீ வைக்கும் நோயாளியைக் குறிக்கும். இவை போக ஃபயர்பக் என்று ஒரு தெருச்சொல்லும் உண்டு, பாதி கேலி, பாதி அருவருப்பு. ஒரே காரியத்தைச் செய்த ஆளை எந்தச் சொல்லால் அழைக்கிறோம் என்பதைப் பொறுத்து, அந்த ஆள் தூக்குமேடைக்கோ பாசறைக்கோ மனநல விடுதிக்கோ போகிறார்.

நம் சட்டத்தில் ஆர்சன் என்ற சொல்லே கிடையாது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 1860இல் வந்த இந்திய தண்டனைச் சட்டம் 435, 436 பிரிவுகளில் வீடு கொளுத்துவதை 'நெருப்பால் செய்யும் மிஸ்சீஃப்' என்றது. அன்றாட ஆங்கிலத்தில் மிஸ்சீஃப் என்றால் குறும்பு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் 326ஆம் பிரிவில் அதே மிஸ்சீஃபைத்தான் வைத்திருக்கிறது. பெயர் சமஸ்கிருதமாகிவிட்டது, குறும்பு போகவில்லை.

இனி பெண்களுக்கு வருவோம். தீ வைக்கும் வெறி ஒரு நோய் என்ற எண்ணம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மன் மருத்துவர்களிடம் உருவானபோது, அவர்கள் முன்னால் நின்றவர்களில் பலர் வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்ட சிறுமிகள். பருவமடையும் வயதின் கோளாறு, மாதவிலக்கின் கோளாறு என்று அவர்களுடைய உடலுக்குள்ளேயே காரணம் தேடப்பட்டது. 1833இல் பிரெஞ்சு மருத்துவர் மார்க் இதற்கு ஒற்றைவெறி நோய்களின் வரிசையில் ஒரு பெயர் கொடுத்தார். பைரோமேனியா அதன் வழியாக வந்தது. 1909இல் கார்ல் ஜாஸ்பர்ஸ் என்ற இளம் மருத்துவர் (பின்னாளில் பெரிய தத்துவ அறிஞர்) தன் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட தலைப்பு 'ஊர் ஏக்கமும் குற்றமும்'. பிறர் வீட்டில் பிள்ளை பார்க்க அனுப்பப்பட்ட சிறுமிகள், வீடு எரிந்தால் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று தீ வைத்த வழக்குகளும், பொறுப்பில் விட்ட குழந்தையைக் கொன்ற வழக்குகளும் அதில் உள்ளன. ஜாஸ்பர்ஸ் பரிவோடுதான் எழுதினார். என்றாலும் எனக்கு எழும் கேள்வி எளிமையானது. வீட்டுக்குப் போக வேண்டும் என்பது ஒரு நோக்கம் இல்லையா? கூலிக்கு அடகு வைக்கப்பட்ட பிள்ளை, வேறு வழி தெரியாமல், தனக்குத் தெரிந்த ஒரே கருவியை எடுத்திருக்கிறாள். அடுப்படியில் இருப்பவளுக்குத் தெரிந்த கருவி நெருப்பு. அவளுடைய நோக்கத்தை எடுத்துவிட்டு நோயைக் கொடுத்தார்கள். இன்றைய மனநல நூல்கள் பைரோமேனியா மிக அரிது, அதிலும் பெரும்பாலும் ஆண்களிடம் காணப்படுவது என்று சொல்கின்றன. சிறுமிகளை வைத்துக் கட்டிய கட்டடத்தில் கடைசியில் ஆண்கள் குடியிருக்கிறார்கள்.

ஃப்ராய்டு இன்னும் ஒரு படி போனார். 1930களில், மனிதன் நெருப்பை வசப்படுத்தியது பற்றி எழுதும்போது, ஆண் தன் சிறுநீரால் தீயை அணைக்கும் ஆசையை அடக்கியதால்தான் நெருப்பு நமக்குக் கிடைத்தது என்றும், அந்த ஆசைக்கு இடம் கொடுக்காத உடலமைப்பு பெண்ணுக்கு இருப்பதால்தான் அடுப்பைக் காக்கும் வேலை அவளுக்கு வந்தது என்றும் ஊகித்தார். இதை வகுப்பில் சொன்னால் மாணவிகள் சிரித்துவிட்டு, "அம்மா, அவர் ஒரு நாளாவது விறகடுப்பு ஊதியிருப்பாரா?" என்று கேட்கிறார்கள்.

நோக்கத்தை எடுத்துவிடுவது ஒரு முறை என்றால், இல்லாத நோக்கத்தைத் திணிப்பது இன்னொரு முறை. 1871 மே மாதக் கடைசியில் பாரிஸ் கம்யூனை அரசுப் படைகள் நசுக்கியபோது நகரத்தின் பெரிய கட்டடங்கள் எரிந்தன. எரித்தது யார்? 'பெட்ரோலூஸ்' என்று ஒரு சொல் பிறந்தது: மண்ணெண்ணெய்க்காரி. பால் தூக்கில் எண்ணெய் மறைத்துக்கொண்டு, நிலவறைச் சாளரங்கள் வழியாக ஊற்றிப் பற்றவைத்துக்கொண்டு திரியும் அவிழ்ந்த தலைமுடிக் கிழவிகளைச் செய்தித்தாள்கள் படம் போட்டன. தெருவில் பாத்திரத்தோடு நடந்த ஏழைப் பெண்கள் சுடப்பட்டார்கள். பின்னாளில் எடித் தோமா, கே கலிக்சன் போன்ற வரலாற்றாசிரியர்கள் வழக்குகளைத் தேடிப் பார்த்தபோது, எண்ணெய் ஊற்றிக் கொளுத்தும் பெண்படை என்று ஒன்று இருந்ததற்கு ஆதாரம் இல்லை. ஒரு சொல் பிறந்ததால் அதற்கு ஏற்ற பெண்கள் தேடிப் பிடிக்கப்பட்டார்கள்.

உண்மையிலேயே தீ வைத்த பெண்களும் இருந்தார்கள், மறைக்க வேண்டியதில்லை. 1912 முதல் 1914 வரை பிரிட்டனில் வாக்குரிமைப் போராளிகள் காலி மாளிகைகளையும் தபால்பெட்டிகளையும் கொளுத்தினார்கள். 1913 ஜூனில் ஹர்ஸ்ட் பார்க் குதிரைப் பந்தய மைதானத்தின் பார்வையாளர் மேடையை எரித்ததற்காகக் கிட்டி மேரியன் சிறை சென்றார். அந்தப் பெண்கள் பிடிவாதமாகக் கேட்டது ஒன்றே: எங்களைக் குற்றவாளி என்றோ பைத்தியம் என்றோ சொல்லாதீர்கள், அரசியல் கைதி என்று சொல்லுங்கள். அரசு அவர்களுக்கு ஹிஸ்டீரியா என்று பேசுவதையே விரும்பியது.

நம் பக்கம் திரும்பினால், தீ வைக்கும் ஆளுக்குப் பெயர் இல்லாத தமிழில், தீ வைக்கும் செயலுக்குத் துறைப் பெயரே இருக்கிறது. தொல்காப்பியம் வஞ்சித் திணையில் 'எரிபரந்தெடுத்தல்' என்று ஒன்றைச் சொல்கிறது: படையெடுத்துப் போகும் மன்னன் பகைவர் நாட்டைக் கொளுத்துவது. புறப்பொருள் வெண்பாமாலை அதை 'உழபுலவஞ்சி' என்கிறது. ஊரும் வயலும் எரிவது பாடுபொருள். எரித்தவன் பாட்டுடைத் தலைவன். அவனுக்குத் தனியாக ஒரு குற்றப்பெயர் தேவைப்படவில்லை, வேந்தன் என்ற பெயரே போதுமாயிருந்தது. முதுநிலை வகுப்பில் இந்தத் துறைகளை ஆண்டுதோறும் நடத்துகிறேன். எரிந்த ஊரில் இருந்தவர்களின் பக்கத்திலிருந்து ஒரு துறை ஏன் இல்லை என்று ஒரு மாணவி கேட்டாள். பதில் அவளுக்கே தெரியும்.

பெண் தீ வைத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கண்ணகி இருக்கிறாள். சிலப்பதிகாரத்தில் அவள் மதுரையை எரிப்பது நோக்கத்தோடு செய்யும் செயல். தீக்கடவுள் வந்து யாரை விட்டுவிட வேண்டும் என்று கேட்க, அவள் பார்ப்பனர், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் என்று விலக்கிவிட்டு, தீயவர் பக்கம் மட்டும் செல்லச் சொல்கிறாள். அந்தப் பட்டியல் குறித்து எனக்குச் சச்சரவு உண்டு; 'பத்தினி' என்ற அளவுகோலைத் தீயின் கையில் கொடுத்து அனுப்புகிறாள் அவள். ஆனாலும் ஒரு சட்டப் பிரிவுபோல் தெளிவான கட்டளை அது. இளங்கோ பின்னால் வரும் காதை ஒன்றில் அதைப் பாதி திரும்ப எடுத்துக்கொள்கிறார். மதுராபதி தெய்வம் வந்து, ஆடி மாதத் தேய்பிறை அட்டமியில் ஒரு வெள்ளிக்கிழமை இந்நகர் எரியும் என்று முன்பே ஓர் உரை இருந்தது என்று சொல்லிவிடுகிறது. கோவலனின் சாவுக்கும் முற்பிறப்புக் கணக்கு சொல்லப்படுகிறது. அவள் வைத்த தீ ஊழ் வைத்த தீயாகிவிடுகிறது. கண்ணகிக்குச் சென்னைக் கடற்கரையில் 1968 ஜனவரியில், உலகத் தமிழ் மாநாட்டின்போது சிலை வைத்தார்கள். அவள் கையில் சிலம்பு இருக்கிறது. நெருப்பு இல்லை.

அதே 1968. டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் ஒரு சின்னக் குடிசைக்குள் ஒளிந்தபோது வெளியே பூட்டித் தீ வைத்தார்கள். 44 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடுவும் மற்றவர்களும் 1970இல் கீழ்நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார்கள். 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. அந்தத் தீர்ப்பின் ஒரு வாதம் தமிழ்ப் பெண்கள் எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியது: இவர்கள் வசதியுள்ள மிராசுதாரர்கள், கார் வைத்திருப்பவரும் உண்டு; இப்படிப்பட்டவர்கள் வேலையாட்களை அனுப்பாமல் தாங்களே நடந்து போய்க் குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள் என்பதை நம்ப முடியவில்லை. அதாவது, தீ வைக்கிற ஆள் என்றால் மனத்தில் ஓர் உருவம் வருகிறது. அந்த உருவத்துக்குக் கார் இல்லை, வேட்டியில் சலவை மடிப்பு இல்லை. மைதிலி சிவராமன் அந்த ஆண்டே எழுதிய ஆங்கிலக் கட்டுரைக்கு 'கீழ்வெண்மணியின் கனவான் கொலைகாரர்கள்' என்று பொருள்படும் தலைப்பு வைத்தார். பெயர்ச்சொல் இல்லாத இடத்தில் ஒரு பெண் பெயர் வைத்தார் என்றே அதை நான் படிக்கிறேன்.

நீதிமன்றம் நம்ப மறுத்ததை இலக்கியம் நோயாக்கியது. 1975இல் வந்த இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்', வெண்மணியைப் பின்புலமாகக் கொண்டு, மிராசுதாரின் கொடூரத்துக்கு அவருடைய ஆண்மைக் குறைபாட்டைக் காரணமாக்கியது. நாவலுக்கு 1977இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. கூலிப் பிரச்சினையை உளவியல் சிக்கலாக்கிவிட்டது என்ற எதிர்ப்பும் அன்றே எழுந்தது. என் பார்வையில் அது தமிழ்ப் பைரோமேனியாக். ஜெர்மன் வேலைக்காரச் சிறுமிக்கு நோய் கொடுத்து நோக்கத்தைப் பறித்தது போலவே, மிராசுதாருக்கு நோய் கொடுத்து நோக்கத்திலிருந்து அவரைக் காப்பாற்றுகிறது. அவள் கையில் ஏதுமில்லாதவள், இவர் கையில் எல்லாம் இருந்தது என்பதுதான் வேறுபாடு.

எங்கள் பகுதிக்குக் கொஞ்சம் தெற்கே தருமபுரி. 2000 பிப்ரவரி 2 அன்று, கொடைக்கானல் பிளசன்ட் ஸ்டே ஓட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை விதிக்கப்பட்டதும், இலக்கியம்பட்டியில் கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் வந்த பேருந்து கொளுத்தப்பட்டது. மூன்று மாணவிகள் உள்ளேயே எரிந்துபோனார்கள். அ.தி.மு.க.வைச் சேர்ந்த மூவருக்கு மரண தண்டனை கிடைத்தது, 2010இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 2016இல் அதே நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. கும்பல் உணர்ச்சிவெறியில் செய்தது, அந்த மாணவிகளைக் கொல்வது நோக்கமாக இருக்கவில்லை என்பது காரணம். 2018இல் மூவரும் விடுதலையானார்கள். மரண தண்டனையை நான் எந்த வழக்கிலும் ஆதரிப்பதில்லை. குறைத்ததில் எனக்குக் குறையில்லை. குறைக்கச் சொன்ன காரணத்தில்தான் என் கண் நிற்கிறது. பெட்ரோல் தானாகப் பேருந்துக்குள் வருவதில்லை. ஆண்களின் கூட்டத்துக்கு 'உணர்ச்சி வேகம்' என்று ஒரு சொல் எப்போதும் தயாராக இருக்கிறது.

அதே மாவட்டத்தில் 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகள் சூறையாடி எரிக்கப்பட்டன. சாதி தாண்டி ஒரு பெண் திருமணம் செய்ததில் தொடங்கி, அவள் தகப்பனாரின் சாவில் வெடித்தது. அப்போது பேருந்தில், கடையில், ஏன் ஆசிரியர் அறையிலும் நான் கேட்ட வாக்கியம், "ஒரு பொம்பளையால ஊரே எரிஞ்சுது" என்பது. நூற்றுக்கணக்கான ஆண்கள் கையில் எடுத்துப்போன தீயை ஒருத்தி மேல் வைத்துவிட்டார்கள். நம் பேச்சுத் தமிழில் இதற்கான வசதி நிறைய. வத்தி வைக்கிறவள், மூட்டிவிடுகிறவள், பற்றவைக்கிறவள், கொள்ளிக்கண்காரி. வீட்டுக்குத் தீ வைப்பவனுக்குச் சொல் தேடித் திணறும் மொழி, வாயால் தீ வைப்பவளுக்கு அரை டஜன் வைத்திருக்கிறது. கொள்ளி அவள் கண்ணில் இருந்தால் பழி. பிள்ளை கையில் இருந்தால் வாரிசுரிமை; கொள்ளி வைக்க ஒரு ஆண்பிள்ளை வேண்டும் என்றுதானே நான்காவது, ஐந்தாவது பிரசவத்துக்கு அனுப்பினார்கள் நம் அம்மாக்களை.

இனி சமையலறை. 1980களில் செய்தித்தாளில் வாரம் தவறாமல் வந்த தொடர், ஸ்டவ் வெடித்து இளம்பெண் சாவு. ஸ்டவ் ஏன் எப்போதும் மருமகள் மேலேயே வெடிக்கிறது, மாமியார் மேலோ மாமனார் மேலோ ஏன் வெடிப்பதில்லை என்று பெண்கள் அமைப்புகள் தெருவில் இறங்கிக் கேட்டன. 1983இல் 498ஏ வந்தது, 1986இல் 304பி வந்தது: திருமணமாகி ஏழு ஆண்டுக்குள், வரதட்சணைக் கொடுமைக்குப் பின், தீக்காயத்தாலோ இயல்பல்லாத வேறு வழியிலோ பெண் இறந்தால், கணவரும் அவர் உறவினரும் காரணம் என்று நீதிமன்றம் ஊகித்துக்கொள்ள வேண்டும். நோக்கத்தைக் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் கதவு சாத்தியிருந்ததால், சட்டமே ஊகத்தைக் கையில் எடுக்க வேண்டியிருந்தது. அந்தச் சட்டத்தைப் பெண்கள் 'துஷ்பிரயோகம்' செய்கிறார்கள் என்று பேசுகிறவர்களிடம் நான் அந்தப் பழைய செய்தித்தாள்களைப் பார்க்கச் சொல்வதுண்டு. எரித்தவர் இல்லாமல் எத்தனை பெண்கள் எரிந்திருக்கிறார்கள்!

கடைசியாக எங்கள் மலை. ஆலங்காயத்திலிருந்து காவலூர் வானாய்வகம் போகும் சாலையில் ஏறினால், பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இரவில் தூரத்துச் சரிவில் சிவப்பாய் ஒரு கோடு ஊர்ந்துகொண்டிருப்பதைப் பார்க்கலாம். மறுநாள் பேச்சு ஒன்றுதான்: மலைக்காரங்க வச்சிட்டாங்க. இங்கே மட்டும் மர்ம நபர் இல்லை. ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடியினர், அவர்களிலும் விறகுக்கும் கடுக்காய்க்கும் காடு போகும் பெண்கள், விசாரணைக்கு முன்பே குற்றவாளிகள்.

இதற்கு வயது 140 ஆண்டுக்கு மேல். 1882இல் மதராஸ் வனச் சட்டம் வந்தபோது காட்டை ஒதுக்குக்காடாக்கி, அதில் தீ வைப்பதைக் குற்றமாக்கினார்கள். மரமே வருமானம் என்று பார்த்த அதிகாரிக்குத் தீ என்பது நட்டம். அதற்கு முன் அது வேளாண்மை. குறுந்தொகையில் 'சுடுபுனம்' என்ற சொல் வருகிறது. குறிஞ்சித் திணைத் தலைவி கிளி ஓட்டிக்கொண்டு நிற்கும் தினைப்புனமே காட்டைச் சுட்டுச் செய்த புனம்தான். அவள் கையில் இருக்கும் கிளிகடி கருவிகளில் ஒன்றின் பெயர் தழல். அது நெருப்பு இல்லை, ஆனால் அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் புகை மணக்கும். சங்கப் பாடலில் திணையாகிப் பாடத்திட்டத்துக்குள் வந்த செயல், வனச் சட்டத்தில் குற்றமாகிக் கோப்புக்குள் போனது. செய்தவர்கள் ஒரே மாதிரி மனிதர்கள். சொற்கள் இந்த மலைக்கு வெளியிலிருந்தே வந்து ஒட்டிக்கொண்டன. 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்ற 20 தமிழகக் கூலித் தொழிலாளர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். அவர்கள் மேல் ஒட்டிய சொல் 'கடத்தல்காரர்'.

என் மாணவி ஒருத்தி மலையைச் சேர்ந்தவள். நெருப்பு சார்ந்த வழக்குச் சொற்களைத் தொகுக்கச் சொல்லியிருந்தேன். அவளோடு போய் அவள் ஊர்க் கிழவி ஒருவரிடம் உட்கார்ந்திருந்தேன். சாமை புடைத்துக்கொண்டிருந்தார். ஏர் போகாத சரிவில் கொத்திப் பயிர் வைக்கும் கொத்துக்காடு பற்றிப் பேச்சு வந்தது.

"அந்தக் காலத்துல காட்டுக்குத் தீ வச்சுத்தானே ஆயா வெள்ளாமை பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

முறத்தை நிறுத்தாமலே சொன்னார். "தீ எங்கம்மா வச்சோம்? கொல்லையைச் சுட்டோம். சுத்தி செத்தையெல்லாம் கூட்டி, கோடு இழுத்து, காத்து எறங்குற நேரமாப் பாத்து, பத்துப் பேரு தழையோட நின்னு சுடுவோம். தீ வக்கிறதுன்றது வேற. அது கோவத்துல பண்றது."

"போன மாசம் அந்தப் பக்கச் சரிவு எரிஞ்சுதே, அது?"

"அது எவனோ கொளுத்திட்டான். பீடி புடிச்சவனோ, ஆடு ஓட்டறவனோ, குடிச்சிட்டுக் கெடந்தவனோ."

சுடுவது, கொளுத்துவது, தீ வைப்பது. மாணவி மூன்றையும் நோட்டில் தனித்தனியாக எழுதி, எதிரே பொருள் குறித்துக்கொண்டாள். கிழவி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"சொல்ல மட்டும் எழுதிக்கிறியா பாப்பா, சொன்னவ பேரையும் எழுதறியா?"

பெயர் வேண்டாம் ஆயா என்றாள் அவள். கிழவி சரியென்று தலையாட்டிவிட்டுப் புடைக்கத் தொடங்கினார்.